ஜப்பான் சூப்பும் அம்மன் புடவையும்

இன்று காலை அப்பளத்துக்கு உளுந்து மாவு பிசைய உட்கார்ந்தேன். அப்பளக்காரத்தை வெந்நீரில் போட்டுக் கரைத்ததும் அந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே என் கை அடுக்களைக் கதவைச் சாத்தப் போனது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். அப்பளம் இடுவதை யார் பார்த்தால் என்ன? ஆனால் என் உடம்பு அந்த வாடையை அப்பளத்தோடு சேர்த்து வைக்கவில்லையடி. நீ அன்றைக்குப் பிசையச் சொன்ன மாவோடு சேர்த்து வைத்திருக்கிறது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, பேசிப் பேசியே காலத்தைக் கழித்தவர்கள் நாம். உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

உனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் பிள்ளையார்பாளையத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் பங்குக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் நான் மாமனாருக்கு எதிரே நின்று ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. இளைய மருமகளாக நீ வந்த மறுநாள் காலையிலேயே அவரைப் பார்த்து, "பசியாறியாச்சா மாமா?" என்று கேட்டாய். நீ பிறந்து வளர்ந்த பினாங்கில் அப்படித்தான் கேட்பார்களாம். அவர் திருநீறு பூசிய நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உன்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, செத்தோம் என்று நினைத்தேன். அவர் "ஆச்சும்மா" என்றார். அவ்வளவுதான்.

மாமா எப்படிப்பட்டவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனும் கறியும் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. நம் ஆட்களில் சாப்பிடுகிறவர்களும் உண்டுதான், ஆனால் நம் வீட்டில் கிடையாது. விடிந்தால் கோயில், வந்தால் தறி. காமாட்சியம்மனுக்கு வேண்டிக்கொண்டு யாராவது புடவை சொன்னால் அவரிடம்தான் சொல்வார்கள். அந்தப் புடவை தறியைவிட்டு இறங்கும்வரை அவர் விரதம் இருப்பார். வீட்டில் வெங்காயம் பூண்டுகூட ஏறாது. பெண் கேட்டு வந்தபோது உன்னிடம், "அங்க இன்னாம்மா சாப்புட்டீங்க?" என்று கேட்டார்களாமே. நீ "சோறு" என்று சொன்னாயாம். அதை நீ என்னிடம் சொல்லிச் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா காதில் விழுந்ததோ என்று எட்டிப் பார்த்தேன்.

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையும் மைதாவும் போட்டுக்கொண்டிருந்த காலம். உனக்கு அதற்கு முன்னால் இரண்டு தரம் கலைந்துவிட்டிருந்தது. மூன்றாவது தங்கி நான்காம் மாதம். அந்தத் தரம் உனக்கு வாயில் எதுவும் இறங்கவில்லை. ரசம் வைத்தேன், வாந்தி. கஞ்சி வைத்தேன், வாந்தி. நாரத்தங்காய் ஊறுகாய், மாவடு, இட்லி, எதைக் கொடுத்தாலும் ஓடிப்போய்க் கொல்லையில் குனிந்து நின்றாய். கை வளையல் முழங்கைவரை ஏறியது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே போனால் குழந்தையும் நிற்காது, இவளும் தாங்க மாட்டாள். எதையாவது சாப்பிட வையுங்கள், அவள் எதைக் கேட்டாலும் கொடுங்கள்" என்றார். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் நீ கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாய். உன் தலைக்குப் பாரமே இல்லை.

அன்று சாயங்காலம்தான் கேட்டாய்.

"அக்கா, எனக்கு அந்த சூப்பு வேணும்."

"எந்த சூப்புடி?"

"பினாங்குல ஜப்பான்காரன் செஞ்சி குடுப்பான்னு சொன்னேன்ல. எறா, கடம்பா, மட்டி எல்லாம் போட்டு, மாவ நூல் நூலா வெட்டிப் போட்டு. அது குடுத்தா உள்ள நிக்கும்க்கா. எனக்குத் தெரியும்."

நான் உன் வாயைப் பொத்தினேன். தறி அறை அடுத்த சுவர்தான். உள்ளே மாமா உட்கார்ந்திருந்தார். அதுவும் எந்தச் சமயத்தில்? மதராஸில் ஒரு குடும்பத்தார் மகளுக்குக் கல்யாணம் கூட வேண்டுமென்று அம்மனுக்குச் சொன்ன அரக்குச் சிவப்புப் புடவைக்கு நெடுக்கே ஓடும் பாவு நூல் தறியில் ஏறியிருந்தது. விரதம் தொடங்கியாகிவிட்டது. குறுக்கே ஓட்டும் ஊடை நூலுக்குச் சாயம் ஏற்றுவதுதான் பாக்கி.

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? அம்மன் புடவ தறியில இருக்குது. இந்த ஊட்ல மீனா?"

"சரி வுடு" என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நீ சரி என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு அதுவும் பயம். பிள்ளை பிறந்தால்தானே காது, பிறக்கவே பிறக்காமல் போய்விட்டால் என்று அடுத்த பயம். அம்மன் கோபித்துக்கொண்டு அதையே செய்துவிட்டால் என்று அதற்கடுத்த பயம். இந்தப் பக்கம் திரும்பினாலும் அடி, அந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டே இருந்தேன். நீதான் கண்ணைத் திறக்காமலே வழி சொன்னாய்.

"வர்ற வெள்ளிக்கெழம பட்டு வேக வெக்கப் போறாங்கல்ல. அந்த நாத்தத்துல ஆன செத்தாக்கூடத் தெரியாதுக்கா."

அது உண்மைதான். கச்சாப் பட்டைச் சவுக்காரமும் காரமும் போட்டு வேகவைத்தால் அதிலிருக்கும் பிசின் கரைந்து, செத்த பூச்சியின் நாற்றம் கொல்லை முழுக்கப் பரவும். நெசவுக்காரர் வீடுகளில் அது பழகிப்போன நாற்றம், யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். அதோடு அன்றைக்குத் தென்னேரியில் உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. காலையில் பட்டை வேகவைத்து, சாயம் ஏற்றி, உலரப் போட்டுவிட்டு மாமாவும் என் வீட்டுக்காரரும் உன் வீட்டுக்காரரும் பஸ் ஏறப் போகிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததுதான் எனக்கு மேலும் பயமாக இருந்தது.

அவர்கள் தெரு திரும்பியதும் நான் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பினேன். பிறந்ததிலிருந்து மீன் கடைப் பக்கம் போனதில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவரும் மீன்காரம்மா மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணவாய் என்கிறார்களே, அந்தக் கடம்பாவைத் தூக்கிக் காட்டினாள். கண்ணோடு அது என்னையே பார்த்தது. "மொதோ தபாவா?" என்று சிரித்தாள் அவள். எல்லாவற்றையும் வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்து, மேலே முருங்கைக்கீரையை வைத்து மூடிக்கொண்டேன். தெருமுனையில் எதிர்வீட்டுக்காரி வந்தாள். "இன்னா கீர?" என்று பைக்குள் கை விட்டாள். "முருங்கக்கீர!" என்று நான் கத்தினேன். அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். "கீர தானே கேட்டேன், ஏன் இப்டி உழுந்து புடுங்கறே?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் என் கால் வீட்டுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

கொல்லையில் மூங்கில் கழிகளில் அரக்குச் சிவப்புப் பட்டு ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. நாற்றமும் நீ சொன்னபடியே இருந்தது. நீ எழுந்து வந்து அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வேலை வாங்க ஆரம்பித்தாய். சூப்பு என்றதும் உனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

அப்பளக்காரத்தை வெந்நீரில் கரைத்து மைதாவில் ஊற்றிப் பிசையச் சொன்னாய். மஞ்சள் போடாமலே மாவு இளமஞ்சளாக மாறியது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"இன்னாடி, நெறம் மார்து? வெஷமாப் போயிடப் போவுது."

"அப்பளத்துக்குப் போட்டா வெஷம் இல்ல, இதுக்குப் போட்டா வெஷமா? அழுத்திப் பெசக்கா."

மாவு கல்லாக இருந்தது. துணியைப் போட்டு மூடிக் காலால் மிதிப்பார்களாம், எனக்குச் சோற்று மாவை மிதிக்க மனசு வரவில்லை, உள்ளங்கை சிவக்கக் கையாலேயே அழுத்தினேன். அப்பளக் குழவியால் மெல்லிசாகத் தேய்த்து, மாவு தூவி, புடவை மடிப்பதுபோல மடித்துக் கொடுத்தேன். அரிவாள்மணையில் நூலாக அரிகிற வேலையை மட்டும் நீ செய்தாய். உன் கைதான் அளவு தவறாமல் அரிந்தது.

அதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கடம்பாவைச் சுத்தம் செய்யும்போது உள்ளே இருந்த பையைக் கிள்ளிவிட்டேன். கறுப்பாக மை கொட்டி, முழங்கைவரை வழிந்தது. சாயம் ஏற்றுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், எந்தச் சாயம் போகும் எது போகாது என்று தெரியாதவளா நான்? ஆனால் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. அம்மன் காட்டிக்கொடுக்கிறாள் என்றே நினைத்தேன். புளியைப் போட்டுத் தேய்த்தேன், சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பல நாளுக்கப்புறம் நீ சிரித்தது அன்றுதான். அதனால் உன்னை நான் திட்டவில்லை.

நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டோம். அந்த ஊரில் ஒரு கறுப்புத் தண்ணீர் ஊற்றுவார்களாம், அது இங்கே கிடைக்காது. அதற்குப் பதில் உளுந்தைக் கருக வறுத்துப் போட்டு, கல்லுப்பும் துளி பனைவெல்லமும் சேர்க்கச் சொன்னாய். தண்ணீர் பழுப்பாக இறங்கியதும் வடிகட்டி, எறாவும் கடம்பாவும் மட்டியும் போட்டோம். மட்டிச் சிப்பிகள் கொதியில் வாயைத் திறந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கம் மதில்மேல் பூனைகள். நம் வீட்டு மதிலில் நான் அதுவரை பூனையைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. தெருவுக்கே தண்டோரா போட்டாற்போல இருந்தது. கையில் கிடைத்த விறகை வீசினேன். ஒன்றுகூட நகரவில்லை.

"ஒக்காருக்கா. கொதிக்கட்டும்" என்றாய். அரிந்த மாவை உதறி உதறித் தட்டில் பரப்பிக்கொண்டே சொன்னாய்.

"ஜப்பான்காரன் பினாங்கப் புடிச்சி வெச்சிருந்த சண்ட காலம். ஒரு நாளு லாரி வந்து நின்னுச்சிக்கா. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆம்பளைங்கள ஏத்திக்கினு இருந்தாங்க. எங்கம்மா அந்த ஜப்பான் ஆபீசருங்க ஊட்ல பாத்தரம் தேச்சிக்கினு இருந்தாங்க, நானும் கூடப் போவேன். அன்னிக்கு அந்த சமையக்காரன் என்ன அரிசி மூட்டைக்குப் பின்னால ஒக்கார வெச்சி, கதவ சாத்திட்டு, ஒரு கிண்ணத்துல இத ஊத்திக் குடுத்தான். குடி குடின்னு கையக் காட்னான். வெளிய ஒரே அழுக சத்தம். நான் கடேசி சொட்டு வரிக்கும் குடிச்சிட்டுத்தான் வெளிய வந்தேன். லாரி போயிடுச்சி. எங்கப்பாவும் போயிட்டாரு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? வரல." மாவை மறுபடி உதறினாய். "அதுக்கப்பறம் குண்டு போட்றப்போ எல்லாம் இதத்தான் கேப்பேனாம். அம்மாவுக்கு ஜொரம் கண்டு கெடந்தாங்க, அப்பவும் பக்கத்தூட்டுக்காரங்க கிட்ட இதையே கேட்டேன். எங்கம்மா பாத்துப் பாத்துக் கத்துக்கினாங்க, அவங்களப் பாத்து நானு."

இதைச் சொல்லும்போது நீ மாவை உதறுவதைக்கூட நிறுத்தவில்லை. என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் அன்று எனக்குப் புரிந்தது.

கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கில் வியர்க்க வியர்க்கக் குடித்தாய். மாவு நூலை உறிஞ்சி இழுத்தாய். எறாவைத் தோலோடு கடித்தாய். நான் எதிரே உட்கார்ந்து, எப்போது எழுந்து ஓடப்போகிறாயோ என்று உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஓடவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாய். நான் மட்டி ஓடுகளையும் எறாத் தோலையும் கொல்லைக் கோடியில் புதைத்து, பாத்திரத்தை மூன்று தரம் தேய்த்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். ஆண்கள் காதுகுத்துச் சாப்பாட்டின் அலுப்போடு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அம்மனுக்கு ஒரு காசு முடிந்து வைத்தேன்.

மறுநாள் காலையில் ராட்டையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற ஆரம்பித்தேன். நூல் விரல் சூட்டில் ஓட ஓட, மெதுவாக ஒரு வாடை எழுந்தது. முதலில் என் கையில்தான் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து சுற்றினேன். நூலிலிருந்துதான். நெத்திலிக் கருவாட்டு வாடை.

நமக்குத் தெரியாததா இது? ஈரப் பட்டு எந்த வாடையையும் குடித்துவிடும். மழைக்காலத்தில் தறி அறையில் எண்ணெய் விளக்கைக்கூடத் தள்ளித்தானே வைப்போம். மனுஷர்கள் மூக்கை ஏமாற்ற நாள் பார்த்த இரண்டு நெசவுக்காரர் வீட்டு மருமகள்கள், அடுக்களை ஜன்னலுக்கு எதிரே தொங்கிய ஈரப் பட்டை மறந்துபோனோம். பட்டு நாற்றத்தில் மீனை ஒளித்தோம், மீன் பட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதுவும் அம்மன் உடம்பில் ஏற வேண்டிய பட்டு. உன்னை எழுப்பி நூலை மூக்கில் வைத்தேன். நீ சிரிக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாய்.

"மாமா வராரு" என்றாய்.

மாமா குளித்துவிட்டு வந்து, "தாரு" என்று கையை நீட்டினார். கொடுக்காமல் என்ன செய்வது? கொடுத்தேன். கதவோரம் நின்றேன். தாரைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும் சத்தம் கேட்டது. திடீரென்று சத்தம் நின்றது. அந்த அமைதியில் எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது, எழுதினால் என்ன, உனக்குத்தானே எழுதுகிறேன். எட்டிப் பார்த்தேன். அவர் நெய்த இடத்தில் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே நீ சொன்னாய்.

"நான்தான் மாமா கேட்டேன். அக்காவ ஒன்னும் சொல்லாதீங்க. மசக்க."

அவர் ஓட்டிய ஊடையை ஒவ்வோர் இழையாகப் பிரித்து எடுத்தார். நெய்ததைப் பிரிப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிரித்து முடித்து நூலைச் சுருட்டித் தரையில் வைத்தார்.

"இது அம்மனுக்கு ஆவாது. இந்த நூலு ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது." அப்புறம் என்னைப் பார்த்தார். "புள்ள பொறக்கற வரிக்கும் இவளுக்குக் கொல்லையில தனி அடுப்பு போடு. இவ தறி ரூமுக்குள்ள வரக் கூடாது."

அதோடு எழுந்து போய்த் தலை முழுகிவிட்டு, புது நூல் வாங்கக் கிளம்பிவிட்டார். உன்னை வீட்டை விட்டே தள்ளிவைத்ததுபோல நான் அழுதேன். நீ மட்டும், "தனி அடுப்புன்னு தானேக்கா சொன்னாரு. அதுல இன்னா வெக்கணும், இன்னா வெக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றாய். அவர் அதற்கப்புறம் கொல்லைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். கிணற்றடிக்குப் போகக்கூட உன் அடுப்பைத் தாண்டாமல் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அது தண்டனையா, இடம் கொடுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீ அந்த அடுப்பில் என்னென்னவோ செய்து சாப்பிட்டாய், உடம்பு தேறியது. நான்தான் ஒவ்வொரு நாளும் அம்மன் இன்றைக்குக் கேட்பாளா, நாளைக்குக் கேட்பாளா என்று பயந்துகொண்டே இருந்தேன். உனக்கு ஒரு இருமல் வந்தாலும் கோயிலுக்கு ஓடினேன்.

அம்மன் ஒன்றும் கேட்கவில்லை. பெண் பிறந்தாள். பிறந்ததும் நான் முதலில் காதைத்தான் பார்த்தேன். ஒரு வயது ஆகும்வரை தினமும் பஞ்சை விட்டுப் பார்த்தேன், ஒரு துளி ஈரம் இல்லை. மாமா தொட்டிலருகே வந்து நின்றார். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். அரக்குச் சிவப்பு. வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று சொன்ன நூலை எங்கேயோ வைத்திருந்து, தானே முறுக்கி அரைஞாண் செய்திருந்தார். பிள்ளை இடுப்பில் கட்டிவிட்டு, "வாசன போயிடுச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் நீ குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். போகவில்லை.

மாமா போனார். வருஷங்கள் போயின. உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ அதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். பார்க்க வந்தவர்களை நீதான் தேற்றி அனுப்பினாய். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து என்னிடம், "இவ நெஞ்சு யாருக்கு வரும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

ஒரு மத்தியானம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த சூப்பு ஒரு வாய் கெடைக்குமா?"

என் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. லாரி வந்த அன்று அது. குண்டு விழுந்தபோது அது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதைச் சுமந்தபோதும் அதுதான். அத்தனையையும் உன் வாயாலேயே சொல்லியிருக்கிறாய். நான் மசக்கை என்று நினைத்துக்கொண்டேன். நீ பயந்தபோதெல்லாம் அதைத்தான் கேட்டிருக்கிறாய். நானாவது புலம்பித் தீர்த்துவிடுவேன். நீ அதைக்கூடச் செய்யாமல், ஒரு கிண்ணம் சூப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய்.

முந்தானையைத் தலையில் போடாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். "பையில இன்னா?" என்று கேட்டவர்களுக்கு "எறா" என்றேன். வீட்டு ஆண்கள் இருக்கும்போதே கொல்லை அடுப்பில் கருவாட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். மாவை நானே அரிந்தேன், உன்னைப்போல வரவில்லை, தடிமன் தடிமனாக இருந்தது. உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் ஊற்றினேன். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது.

"பயமா இருக்குதாடி?" என்று கேட்டேன். இருபது வருஷமாக ஒன்றாக இருந்தும் உன்னிடம் நான் கேட்காத கேள்வி.

நீ கூரையைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"இருக்குதுக்கா. ரொம்ப."

நீ அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அப்போதுதான். பயப்படாதே என்று சொல்ல நான் யார்? வாழ்நாள் முழுக்க அதைத்தவிர வேறு எதைச் செய்தேன்? மீன் வாசம் படாத நாக்கு என்னுடையது. கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்து மீதியைக் குடித்தேன். உப்புக் குறைவாக இருந்தது. குமட்டிக்கொண்டு வந்ததை விழுங்கிக்கொண்டு இன்னொரு மடக்குக் குடித்தேன்.

"இன்னாக்கா பண்றே?" என்றாய் அழுகையோடு.

"ரெண்டு பேருக்கும் சேத்துதாண்டி செஞ்சேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாய். அடிவரைக்கும் நான் குடித்து முடிக்கும்வரை விடவில்லை.

போன வாரம் உன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வர நேரமாகிவிட்டது. வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். லாரி மோதியிருக்குமோ, யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்களோ என்று என் வழக்கப்படி எல்லாம் நினைத்தாயிற்று. முன்பெல்லாம் பயம் வந்தால் எனக்குத் தொண்டையில் ஒரு பருக்கை இறங்காது. அன்றைக்கு வாயில் அந்தக் கருவாட்டுத் தண்ணீர் ருசி ஊறியது. அவள் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வருவது தெரியும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பயந்தால் எனக்குப் பசிக்கிறதடி.